பாக்கெட் பிஸ்டல் நம் ஊரில் சரிப்படுமா?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். ராத்திரி கடையடைத்துவிட்டுப் பணத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறதாம். டெக்சாஸில் இருக்கும் அவருடைய மருமகன் உள்ளங்கை அகலத்தில் ருகர் எல்சிபி என்ற பிஸ்டல் ஒன்று வாங்கி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கிறாராம். அதுபோல ஒன்று இங்கே கிடைக்குமா, லைசன்ஸ் தருவார்களா, திருவனந்தபுரம் போகும்போது கூடவே கொண்டுபோகலாமா என்பதுதான் கேள்வி.

பிஸ்டல் கிடைக்கும் அண்ணாச்சி, ஆனால் நீங்கள் கேட்கும் அந்தச் சாமான் கிடைக்காது. கிடைப்பதை அந்த மாதிரி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது. நான் ராணுவத்தில் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபிறகு பேங்க் காவலுக்குப் போகும் பழைய ஆட்களுக்கு லைசன்ஸ் மனு எழுதிக்கொடுத்துப் பழக்கம் உண்டு. அதனால் இரும்பையும் தெரியும், காகிதத்தையும் கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்த எல்சிபி. 2008-ல் வந்தது, .380 தோட்டா (அங்குலக் கணக்கில் தோட்டாவின் அகலத்தைக் குறிக்கும் எண்), நீளம் 13 சென்டிமீட்டர்தான், காலியாக இருக்கும்போது எடை 270 கிராமுக்குப் பக்கம். அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. கெல்டெக் பி-32 என்ற துப்பாக்கி இதற்கும் முன்னால் 1999-லேயே வந்துவிட்டது. பிறகு 2018-ல் சிக் பி365 வந்து, அதே மாதிரி சின்ன உடம்புக்குள் 9 மி.மீ. தோட்டா பத்தை அடக்கிக் காட்டியது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்கள், சட்டம் தடுத்தவர்களைத் தவிர, பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாம். இங்கே மருமகனிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் கிரீன் கார்டு வாங்கிவிட்டாரா, இல்லை இன்னும் எச்1பி வேலை விசாவில்தான் இருக்கிறாரா? விசாவில் தங்கியிருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. மாநிலச் சட்டம் தாராளமாக இருக்கிறதே என்று நம்பி விசா, வேலை எல்லாவற்றையும் தொலைக்க வேண்டாம்.

அவர் லீவில் வரும்போது அதைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. 1980-களின் நடுவிலிருந்து சாதாரண ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது அநேகமாக நின்றுபோன விஷயம். துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்குத்தான் வழி இருக்கிறது. துப்பாக்கியை விடுங்கள், அங்கே சுட்டுப் பழகப் போன பையின் மூலையில் ஒரு தோட்டா மறந்து கிடந்தால்கூடப் போதும், விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்துவிடும், லீவு முழுக்க போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், கோர்ட் என்று போய்விடும். தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று நிரூபித்து வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அலைச்சல் அலைச்சல்தான். பெட்டி கட்டும் முன்னால் பையைத் தலைகீழாக உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இங்கே என்ன கிடைக்கும்? 9 மி.மீ. நமக்கு இல்லை, அது தடை செய்யப்பட்ட ரகம். ராணுவத்தில் நாங்கள் வைத்திருந்த 9 மி.மீ. பிஸ்டல் இஷாப்பூரில் செய்தது, வீட்டு ஆள் அதைத் தொட முடியாது. லைசன்ஸ் உள்ளவருக்கு நடைமுறையில் கிடைப்பது .32 தான். அரசுத் தொழிற்சாலையின் .32 பிஸ்டல், அதே அளவில் ரிவால்வர்கள். 2014-ல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கான்பூரில் வெளியிட்டார்கள், 500 கிராம் எடை, அன்றைய விலையே 1,22,360 ரூபாய். 2021-ல் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்த பிறகு 2023-ல் 'பிரபல்' என்று இன்னொரு ரிவால்வர் வந்தது. பிஸ்டலைப் பொறுத்தவரை நம்முடைய .32 பழைய பிரௌனிங் பரம்பரை, முழுக்க எஃகு. கோட்டுப் பைக்குள் போகும், சட்டைப் பைக்குள் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும்.

பிரௌனிங் என்றதும் மணியாச்சி ஞாபகம் வருகிறது. 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் ரயில் பெட்டிக்குள் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டலால்தான். அப்போது அது புத்தம்புதுத் தொழில்நுட்பம். அந்தக் காலகட்டத்தில் பிரௌனிங் வடிவமைத்த .32 தோட்டாவைத்தான் நூறு வருஷம் கழித்தும் நாம் சட்டப்படி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது ஒரு வேடிக்கை.

சின்ன பிஸ்டல் என்றால் கையாளச் சுலபம் என்று நினைக்கிறார்கள். தலைகீழ். இந்த .32 ரகங்களில் பெரும்பாலானவற்றில் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேல்பாதியில் முன்னும் பின்னும் நகரும் எஃகுப் பகுதியை, பிடித்து நிறுத்தப் பூட்டு என்று ஒன்றும் கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் தோட்டா வெடிக்கும் வேகத்தைத் தாங்குகின்றன. ஸ்லைடு சின்னதாக ஆக ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாகப் போடவேண்டும். அதனால் இழுக்கவே தெம்பு வேண்டும். அறுபது வயதில் விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு, வியர்த்த கையில், அது வழுக்கும். கைப்பிடி குட்டை, சுண்டுவிரல் தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய கை உள்ளவர்கள் உயரமாகப் பிடித்தால் பின்னால் வரும் ஸ்லைடு கட்டைவிரல் இடுக்குத் தோலைச் சீவிவிட்டுப் போகும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் வெடித்த தோட்டாவின் காலி உறை வெளியேறும் வாயில் சிக்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றுவது பழகியவனுக்கு இரண்டு நொடி வேலை, பழகாதவனுக்கு அத்தோடு கதை முடிந்தது. குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளுக்கும் பின்னால் இருக்கும் பின்பார்வைக்கும் இடையில் நாலு விரற்கடைதான் இருக்கும், ஆகவே கொஞ்சம் கை அசைந்தாலும் ஐந்தாறு மீட்டர் தூரத்தில் குண்டு வேறெங்கோ போகும். மாதம் ஒருமுறையாவது சுட்டுப் பழகாதவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். தோட்டா வெடிக்கவில்லையா, இன்னொருமுறை குதிரையை (டிரிகரை) இழுத்தால் அடுத்தது சுழன்று வரும், யோசிக்கவேண்டியதில்லை.

பிஸ்டலில் உயிரை வாங்கும் இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தோட்டாக்களை அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பத்தில் எட்டுப் பேர் நினைக்கிறார்கள். முன்பே ஸ்லைடை இழுத்து விட்டிருந்தால் குழலின் அடியில், சேம்பரில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். மேகசின் கையில் இருக்கிறது, மேசையில் இருப்பது வெறும் இரும்பு என்று பேரப்பிள்ளையிடம் காட்டுகிறோம். பல மாடல்களில் மேகசின் இல்லாமலும் அது சுடும். முறை இதுதான்: குழல்வாய் யாரும் இல்லாத திசையில், சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் இருக்கிறதா என்றும் பார்த்து, விரல் குதிரைக்கு வெளியே. முதலில் மேகசினைக் கழற்றவேண்டும். அப்புறம் ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுக்கவேண்டும், உள்ளே இருந்தால் அது துள்ளி வெளியே விழும். அப்படியே ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சேம்பருக்குள் கண்ணால் பார்க்கவேண்டும், சுண்டுவிரல் நுனியை விட்டும் தடவவேண்டும். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், விழுந்த தோட்டாவுக்குப் பதிலாக இன்னொன்று ஏறியிருக்கும். ஆயுதக் கிடங்கில் இருபது வருஷம் வேலை பார்த்த ஹவில்தார்களும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வார்கள், வெட்கப்பட மாட்டார்கள்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் வீடென்றால் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியே ஐந்து வருஷத்தில் உப்பி உதிர்கிறது. அதற்கு மேல் நமக்கு இரண்டு மழை, ஜூனிலும் நனைகிறோம், ஐப்பசியிலும் நனைகிறோம். உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் துப்பாக்கிக்கு வியர்வை வேறு. ஸ்லைடில் விரல் பிடிக்க வெட்டியிருக்கும் வரிகளுக்குள்ளும், கைப்பிடித் தகட்டுக்கு அடியிலும்தான் துரு முதலில் பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், தகட்டைக் கழற்றினால் செம்மண் மாதிரி உதிரும். வாரம் ஒருமுறை துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, தோல் உறைக்குள்ளேயே போட்டு அலமாரியில் வைக்காமல் இருப்பது, இரண்டும் போதும். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், கொஞ்ச நாளில் பிசின் மாதிரி ஆகிவிடும்.

இனி காகிதம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லைசன்ஸ் தரும் அதிகாரி கலெக்டர், மனு நாகர்கோவிலுக்குப் போகவேண்டும். நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டாலும் போலீஸ் கமிஷனர் கிடையாது, அதனால் கலெக்டர்தான். வயது 21 முடிந்திருக்கவேண்டும். மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டில் பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதி, எல்லாம் 2016 ஆயுத விதிகளுக்குப் பிறகு கேட்கிறார்கள். அப்புறம் போலீஸ் அறிக்கை. உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வருவார்கள், வழக்கு ஏதாவது உண்டா, பக்கத்து விளைக்காரனோடு (தோட்டத்துக்காரனோடு) வரப்புத் தகராறு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்தை 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவே போட்டு வைத்திருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள சாதாரண ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்குக் கேட்டாலோ, பன்றி விரட்டப் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்டாலோ, தடை ஏதும் இல்லையென்றால் தரவேண்டும் என்கிற தொனியில் சட்டம் பேசுகிறது. பிஸ்டல், ரிவால்வர் என்று வந்தால், மனுதாரருக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவேண்டும். "ஊரில் திருட்டு அதிகம்" என்று ஒரு வரி எழுதினால் அது காரணமாகாது. எத்தனை மணிக்கு, எந்த ரோட்டில், எவ்வளவு தொகை, மிரட்டல் வந்திருந்தால் அதற்குக் கொடுத்த புகாரின் ரசீது, இவையெல்லாம் இருந்தால்தான் பேசமுடியும். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அதன்மேல் அப்பீல் செய்யலாம். புரோக்கர் வழியாகப் போகவேண்டிய வேலை இது இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசன்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

காகிதமே இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால், ஆளை உள்ளே உட்காரவைத்துக் காப்பி கொடுக்காதீர்கள். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வரை போகலாம். தடை செய்யப்பட்ட ரகமாக இருந்துவிட்டால் ஏழிலிருந்து பதினாலு.

லைசன்ஸ் வந்து பிஸ்டலும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எடுத்துப் போவதற்கு விதி இருக்கிறது: கைத்துப்பாக்கி உடம்போடு சேர்த்துக் கட்டிய உறையிலோ அல்லது அதற்கேற்ற பையிலோ இருக்கவேண்டும், முழுக்க மூடியிருக்கவேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். வெறுமனே பாக்கெட்டில் சாவிக்கொத்து, சில்லறை, பீடிக்கட்டோடு போட்டுக்கொள்வது சட்டத்துக்கும் ஒத்துவராது, உயிருக்கும் ஒத்துவராது. சாவி நுனி குதிரை வளையத்துக்குள் போனால் போதும். இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் வேறு, வேட்டியை மடித்துக் கட்டுகிற ஆள், வீட்டில் சாரம் (லுங்கி) உடுத்துகிற ஆள், உறையை எங்கே மாட்டுவது? அரைஞாண் கயிற்றிலா? பெல்ட் இல்லாத உடுப்பில் கைத்துப்பாக்கி பத்திரமாக இருக்காது. பைக்கில் போகும்போது பெட்ரோல் டேங்குப் பையில் வைத்துவிட்டு டீக்கடையில் இறங்குகிறவர்களும் உண்டு. துப்பாக்கி களவு போனால் அடுத்த விசாரணை உங்களிடம்தான் தொடங்கும்.

திருவிழா, மத ஊர்வலம், கூட்டம் கூடும் இடம், பள்ளி கல்லூரி வளாகம், இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பது லைசன்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது. நம் மாவட்டத்தில் இதை நினைத்துப் பாருங்கள். சுசீந்திரம் தேர், மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, அதுபோக ஊருக்கு ஊர் குருசடித் திருநாள், அம்மன் கொடை. வருஷத்தில் பாதி நாள் நீங்கள் போகும் வழியில் ஏதாவது ஒரு கூட்டம் இருக்கும். கல்யாண வீட்டில் குஷியில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வடநாட்டுப் பழக்கம் நமக்கு இல்லை, நல்லது, அதற்கும் இப்போது இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு.

திருவனந்தபுரம் விஷயம். லைசன்ஸில் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் களியக்காவிளை தாண்டி பாறசாலையில் கால் வைத்த நிமிஷமே நீங்கள் லைசன்ஸ் இல்லாதவர் மாதிரிதான். நமக்கு ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், துணிக்கடை எல்லாம் அந்தப்பக்கம் என்பதால் எல்லை கடக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே ராஜ்யம், அந்தப் பழக்கம் காலில் இன்னும் இருக்கிறது. எல்லையை விரிவாக்க வேண்டுமென்றால் தனியாகக் காரணம் காட்டிக் கேட்கவேண்டும். விமானத்தில் என்றால் கேபினுக்குள் அறவே கூடாது, முன்கூட்டிச் சொல்லி, தோட்டா கழற்றி, காகிதம் காட்டி, செக்-இன் சாமானில்தான்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும். பேங்க் காவல் மாதிரி சிலருக்கு விலக்கு கிடைக்கும். மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று மாறிமாறி வரும், 2021-ல் நமக்குச் சட்டமன்றத்தோடு மக்களவை இடைத்தேர்தலும் சேர்ந்தே வந்தது. அந்த வாரங்களில் உங்கள் பணம் பழையபடி வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, பிஸ்டல் இருந்தால் நீங்கள் நினைக்கிற நேரத்தில் உதவுமா? 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் கொல்லப்பட்டது நமக்கெல்லாம் தெரியும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர், பணியில் இருக்கும்போது, பக்கத்தில் வந்தவர்கள் தாக்கினார்கள். திட்டம் போட்டு நெருங்கி வருகிறவன் எப்போதும் உங்களைவிட முந்தியே தொடங்குகிறான், உறையைத் திறந்து, தவறிச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டை நீக்கி, ஸ்லைடை இழுக்க அவன் அவகாசம் தரமாட்டான். உங்கள் மாதிரி ஆட்களுக்கு நடப்பது பெரும்பாலும் பைக்கில் பின்னால் வந்து பையைப் பறித்துக்கொண்டு போவது. பறித்துவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், தற்காப்பு என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம். உயிருக்கோ படுகாயத்துக்கோ பயப்பட நியாயமான காரணம் அந்த நொடியில் இருந்ததா என்று கோர்ட் கேட்கும், தேவைக்கு மேல் கேடு செய்ததா என்றும் கேட்கும். பழைய ஐபிசியிலும் இதுதான், 2024 ஜூலையிலிருந்து நடக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதுதான்.

என்னைக் கேட்டால், பணத்தை ராத்திரியில் சுமப்பதைக் குறையுங்கள். ஷீட் எடைபோட்டதும் பணத்தைக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பினாலே பாதி நோட்டு கடைக்கே வராது. மீதியைப் பகலில் பேங்கில் போடலாம், நேரத்தை மாற்றி மாற்றிப் போகலாம், கூட ஒரு ஆள் இருக்கலாம். விளைக்குள் தனி வீடு, ராத்திரி பயமாக இருக்கிறது என்றால் வீட்டில் வைக்க, மேலே சொன்ன நீளக்குழல் ரகத்தில் ஒரு 12 போர் துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேளுங்கள், அதற்குக் காரணம் சொல்வதும் சுலபம், இருட்டில் குறிபார்ப்பதும் சுலபம். இத்தனைக்குப் பிறகும் பிஸ்டல்தான் வேண்டும், மிரட்டல் நிஜமாகவே இருக்கிறது என்றால், மனுவை நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எஸ்டேட் குடும்பங்களில் அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன். தாத்தாவின் மரப்பெட்டியில் பட்டுத்துணி சுற்றிய .25 பிஸ்டல் ஒன்று, கூடவே பச்சை பிடித்த நாலு தோட்டா கிடைக்கும். சின்னதாக விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், லைசன்ஸ் புத்தகம் எப்போதோ காலாவதி. அதைச் சுட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஆற்றில் எறியவும் வேண்டாம். லைசன்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு, ஸ்டேஷனிலோ லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, தன் பெயருக்கு லைசன்ஸ் கேட்டு மனுப் போடலாம். லைசன்ஸ்தாரர் உயிரோடு இருந்தாலும், 70 வயது ஆகிவிட்டாலோ 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். புத்தகமே காணோம், அல்லது காலாவதியாகிப் பல வருஷம் என்றால் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பாமல், இருக்கும் இடத்திலேயே பூட்டிவைத்துவிட்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அவர் மூலமாக எழுத்தில் தெரிவித்துவிட்டு ஒப்படையுங்கள், ரசீதில் துப்பாக்கியின் நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.